பூட்டைப் பழிக்குமுன் கதவைப் பார்!
(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

பூட்டு என்பது வீட்டிற்குக் காவல். ஆனால் அக்காவலன் பழுதுபட்டுவிட்டால் வீட்டுக்காரனையே சிறை வைத்துவிடுவான் என்பதைச் சென்ற ஐப்பசி மாதத்தில் எங்கள் குடும்பம் நேரில் கண்டது. அன்று நான் கற்ற பாடத்தை மாணவத் தோழர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தந்தையார் தச்சு வேலை செய்பவர். நாங்கள் தஞ்சைக் கரந்தையில் வசிக்கிறோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் சித்தப்பா, மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் புதிதாக ஒரு வீடு கட்டினார். அதில் மரமே இல்லை. சன்னல்களும் பின்கட்டுக் கதவுகளும் வெள்ளை யூ.பி.வி.சி. சட்டங்களும் இரட்டைக் கண்ணாடிகளும் கொண்டவை. வெயிலும் இரைச்சலும் உள்ளே வராது என்று சொல்லி வைத்தார்கள். சொன்னது பொய்யன்று. என் அப்பாயிக்கென்று பின்வராந்தாவைப் பார்த்த தனி அறை ஒன்று. அதற்கு வழி ஒரே கண்ணாடிக் கதவு.

அப்பாயி பழைய காலத்து மனுஷி. ஊர் வீட்டில் இருந்த பத்தாயத்தின் சாவி இன்றும் அவர் இடுப்புக் கொத்தில் தொங்குகிறது. பத்தாயம் போய் இருபது ஆண்டுகள் ஆயின. ஒரு வீட்டின் சாவிகளையெல்லாம் ஐம்பது ஆண்டுகள் ஆண்ட அவர், அன்று மாலை அடைமழையில் தம் அறைக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டார். கைப்பிடியைத் தூக்கித் தாழிட்டவருக்கு அதைத் திரும்ப இறக்க இயலவில்லை. மின்சாரமும் நின்றுவிட்டது. சன்னலில் இரும்புக் கிராதி. இரட்டைக் கண்ணாடிக்கு வெளியே நின்ற சித்தியின் குரல்கூட அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

கதவு பொருத்தியவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "பூட்டு போய்விட்டது. கண்ணாடியை உடைத்து ஆளை வெளியே எடுங்கள். பூட்டும் கண்ணாடியும் புதிதாக வரப் பத்து நாள் ஆகும், நாற்பதாயிரம் செலவாகும்" என்று விடை வந்தது. சித்தி எங்களை அழைத்தார். நானும் அப்பாவும் போய்ச் சேர்ந்தபோது அரைமணி கடந்திருந்தது. அப்பாயி கட்டிலில் அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய அறையில் அரைமணி நேரத்தில் காற்று தீர்ந்துவிடாது என்று படித்த எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? அவரை வாட்டியது காற்றின்மையன்று, அச்சம்.

அப்பா கண்ணாடியை உடைக்கவில்லை. மண்டியிட்டுக் கதவின் அடியைப் பார்த்தார். பையிலிருந்து அகல உளி ஒன்றையும் இரண்டு மர ஆப்புகளையும் எடுத்தார். பூட்டிருக்கும் பக்கத்து மூலையில், கதவுக்கும் தரைக்கும் இடையே ஆப்பைச் செருகி மெல்லத் தட்டினார். கதவு மூன்று நான்கு மில்லிமீட்டர் உயர்ந்தது. கண்ணாடியில் முகத்தை வைத்து, "அம்மா, இப்ப அமுக்கு!" என்று கத்தினார். அப்பாயி கைப்பிடியை அழுத்தினார். கதவு திறந்துவிட்டது.

அந்தப் பூட்டில் எந்தப் பழுதும் இல்லை, கதவுதான் இறங்கியிருந்தது. அப்பா அன்று சொன்ன ஒரு சொல்லே இக்கட்டுரைக்குத் தலைப்பாயிற்று.

பழைய தாழும் புதிய பூட்டும்

நம் வட்டாரத்துப் பழைய வீடுகளில் தேக்கு நிலையும், இரட்டைக் கதவும், இரும்புத் தாழ்ப்பாளும், அது போய் விழும் நாதாங்கியும் இருப்பதை அறிவோம். அதன் பொறி கண்ணுக்குத் தெரியும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும். தாழ் நாதாங்கியில் விழாது. வீட்டுக்காரர் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத் தாழிடுவார். தை பிறந்து வெயில் ஏறியதும் அது தானே சரியாகிவிடும். பூட்டைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை.

புதிய கதவில் பொறி முழுவதும் சட்டத்திற்குள் மறைந்திருக்கிறது. கைப்பிடியோடு நான்கு பட்டைச் சுழல்தண்டு ஒன்று உள்ளே செல்கிறது. அது பெரும்பாலும் 8 மி.மீ. கனமுடையது. அத்தண்டு ஒரு சிறிய கியர் பெட்டியைத் திருப்ப, கதவின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை ஓடும் எஃகுப் பட்டை நகர்கிறது. அப்பட்டையில் உள்ள கொக்கிகளும் உருளைகளும் நிலையில் பதித்த தகடுகளுக்குள் போய்க் கவ்வுகின்றன. இத்தகடுகளையும் அப்பா நாதாங்கி என்றே சொல்கிறார். நானும் அவ்வாறே எழுதுகிறேன். ஆக, புதிய கதவுக்கு நாதாங்கி ஒன்றன்று. மூன்று அல்லது ஐந்து. எல்லாம் ஒரே நேரத்தில் நேராக விழவேண்டும். இவற்றைச் சாவியால் நிலைநிறுத்துவதே கைப்பிடிக்குக் கீழேயுள்ள சிலிண்டரின் பணி.

இந்தச் சிலிண்டரின் வரலாறு சுவையானது. உள்ளே சிறு ஊசிகள் வரிசையாக நிற்க, சாவியின் வெட்டுகள் அவற்றை உரிய உயரத்திற்குத் தூக்குவதே அதன் தத்துவம். பண்டை எகிப்தியரின் மரப் பூட்டிலேயே இக்கருத்து உண்டு. அதை உலோகத்தில் சிறிதாக்கி 1861 லும் 1865 லும் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான லைனஸ் யேல் என்னும் இளைய யேல் ஆவார். அதே 1865 இல்தான் இரண்டு கண்ணாடிகளை இடைவெளி விட்டு ஒட்டும் முறைக்கு ஸ்டெட்சன் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஒரே ஆண்டின் இரு கருத்துகள் ஒன்றரை நூற்றாண்டு கழித்து என் சித்தப்பா வீட்டுக் கதவில் சந்தித்துக்கொண்டன எனலாம். நம் திண்டுக்கல் பூட்டோ வேறு வழியினது. உள்ளே அடுக்கிய நெம்புதகடுகளைச் சாவி தூக்கித் திறக்கும் லீவர் பூட்டு அது. கையால் செய்யப்படும் அப்பூட்டிற்கு 2019 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

முதற் சோதனை

கதவு பூட்டவில்லை, கைப்பிடி இறுகுகிறது, சாவி திரும்பவில்லை என்றால் முதலில் செய்யவேண்டியது ஒன்றுதான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியை இயக்கிப் பாருங்கள். சாவியையும் திருப்பிப் பாருங்கள்.

திறந்த நிலையில் எல்லாம் இலகுவாக இயங்கி, மூடிய நிலையில் மட்டும் இறுகினால், பூட்டு நலமாக இருக்கிறது. கதவும் நிலையும்தான் பிணங்கியிருக்கின்றன. திறந்த நிலையிலும் இறுகினால் மட்டுமே பழுது பூட்டுக்குள் உள்ளது. காசில்லாத இச்சோதனையைச் செய்யாமலே பலர் பூட்டை மாற்றுகிறார்கள். புதுப்பூட்டும் சில மாதங்களில் உடைகிறது.

ஏன் உடைகிறது என்பதற்கு நெம்புகோல் விதியே விடை. கைப்பிடியின் நீளம் 12 செ.மீ. என்று கொள்வோம். 8 மி.மீ. தண்டின் மையத்திலிருந்து அதன் பக்கம் 4 மி.மீ. தொலைவு. ஆகவே நாம் கொடுக்கும் விசை உள்ளே 30 மடங்காகிறது. பத்துக் கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் அச்சிறு வார்ப்புப் பெட்டியின் துளை விளிம்பில் முந்நூறு கிலோ எடைக்குச் சமமான விசை விழும். இறுகிய கைப்பிடியை வலுக்கொண்டு அழுத்துவது பழுதில்லாத பூட்டைப் பழுதாக்கும் செயலே ஆகும்.

கதவு ஏன் இறங்குகிறது?

முதற் காரணம் எடை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒரு மி.மீ. கனத்திற்கு 2.5 கிலோ எடையுள்ளது. அப்பாயி அறைக் கதவின் கண்ணாடி 70 செ.மீ. அகலமும் 180 செ.மீ. உயரமும் உடையது, 5 மி.மீ. கனத்தில் இரண்டு. கணக்கிட்டால் சுமார் 31 கிலோ. நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் கட்டுவார்களே, அதில் முக்கால் பங்குக்கு மேல்! இச்சுமை கீல்களிலிருந்து ஒதுங்கி நின்று கதவைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. கண்ணாடியைச் சட்டத்தில் வைக்கும்போது, கீல் பக்கத்துக் கீழ்மூலையிலும் பூட்டுப் பக்கத்து மேல்மூலையிலும் சிறு பிளாஸ்டிக் சில்லுகளை இறுக்கமாகச் செருகவேண்டும். அப்போது கண்ணாடியே மூலைவிட்டத் தாங்கியாகிக் கதவைத் தூக்கி நிறுத்தும். பலகைக் கதவின் பின்புறம் தச்சர்கள் கீழ்க் கீலிலிருந்து எதிர் மேல்மூலைக்குக் குறுக்குச் சட்டம் அடிப்பதும் இதே தத்துவம்தான். சித்தப்பா வீட்டுக் கதவில் இச்சில்லுகள் மேல்மூலையில் இல்லவே இல்லை. கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் உட்புறப் பட்டியை நீக்கியதும் அப்பா அதைக் கண்டார். "குறுக்குச் சட்டம் இல்லாத கதவு தம்பி, இறங்காம என்ன செய்யும்?" என்றார்.

இரண்டாம் காரணம் வெப்பம். யூ.பி.வி.சி. ஒரு பாகை வெப்பத்திற்கு, மீட்டருக்கு ஏறத்தாழ 0.07 மி.மீ. நீளும். எஃகு நீள்வதைப்போல் இது சுமார் ஆறு மடங்கு. 2.1 மீட்டர் உயரக் கதவு, கத்திரி வெயிலில் இரவைவிட 30 பாகை கூடுதலாகச் சூடேறினால் 4.4 மி.மீ. நீளப் பார்க்கும். உள்ளே செருகிய எஃகுச் சட்டம் அதை ஓரளவு தடுக்கும். ஆனால் வெளிமுகம் வெயிலிலும் உள்முகம் குளிர்சாதனக் காற்றிலும் இருந்தால் கதவு வில்போல் சற்று வளையும். காலையில் நன்றாகப் பூட்டும் கதவு பிற்பகலில் மறுத்தால் காரணம் இதுவே. மாலை வரை காத்திருந்தாலே போதும். மரக் கதவை மழை வாட்டும். இக்கதவை வெயில் வாட்டும்.

சரிசெய்யும் முறை

கதவின் விளிம்பையும் நாதாங்கிகளையும் உற்றுப் பாருங்கள். உரசிய பளபளப்பு எங்கே தெரிகிறதோ அங்கே இடிக்கிறது. உருளைகளில் சுண்ணாம்பு தடவிக் கதவை மூடித் திறந்தால் இடிக்கும் இடம் இன்னும் தெளிவாகும்.

பெரும்பாலான கீல்களில் அறுகோணத் துளையுள்ள திருகுகள் உண்டு. மூடியை நீக்கி, அலென் சாவியால் ஒரு முறைக்குக் கால் சுற்று மட்டும் திருப்பவேண்டும். அதற்குமுன் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. கதவின் அடியில் ஆப்பு வைத்து எடையைத் தாங்கிய பிறகே கீலைத் தொடவேண்டும். சிறு குறையானால் நாதாங்கியைத் தளர்த்தி ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்தினாலும் போதும். சில்லுகள் நழுவியிருந்தால் பட்டியைக் கழற்றி மீண்டும் செருகவேண்டும். கண்ணாடி கனமானது, உடைந்தால் ஆபத்து. ஆகையால் இதைத் தனியாளாக ஒருபோதும் செய்யலாகாது. நாங்கள் இருவர் சேர்ந்து செய்தோம். ஒரு முற்பகல் பிடித்தது. செலவு சில்லுகளுக்கு மட்டுமே.

கைப்பிடியும் சாவியும்

கைப்பிடி தொங்கிவிட்டால், உள்புறத் தகட்டின் இரண்டு நீளத் திருகுகளைக் கழற்றிக் கைப்பிடியைத் தனியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தனியே திருப்பும்போது துள்ளித் திரும்பவேண்டிய கைப்பிடி துவண்டு கிடந்தால் அதனுள் இருக்கும் சுருள்வில் போயிற்று. கைப்பிடியை மட்டும் மாற்றலாம். கைப்பிடி நலமாயிருந்தால் கியர் பெட்டியின் வில் தளர்ந்திருக்கும். பல பூட்டுகளில் நீளப் பட்டையை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்ற இயலும். கடைக்குப் போகுமுன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளவேண்டும்: சுழல்தண்டின் மையத்திலிருந்து சிலிண்டரின் மையம் வரை உள்ள தொலைவு (இது பெரும்பாலும் 85 அல்லது 92 மி.மீ.), திருகுத் துளைகளின் இடைத்தொலைவு, விளிம்புத் தகட்டின் முகத்திலிருந்து தண்டின் மையம் வரை உள்ள தொலைவு. பழைய உறுப்பையே கையில் எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.

சாவி இறுகினால் நம்மவர் செய்யும் முதல் காரியம் தேங்காய் எண்ணெய் விடுவது. அது சில நாள் இலகுவாக்கும். பிறகு தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும். சிலிண்டருக்கு உகந்தது கிராஃபைட் பொடி. நம் கையிலுள்ள பென்சிலின் கரியும் அதுவே ஆதலால், மென்மையான பென்சிலைச் சாவியின் வெட்டுகளில் நன்கு தேய்த்துப் பத்து முறை செருகி எடுத்தால் போதும். விளிம்பிலுள்ள கொக்கிக்கும் உருளைக்கும் மட்டும் இயந்திர எண்ணெய் இடலாம்.

சாவி சுற்றிக்கொண்டே இருந்து பூட்டு அசையவில்லையென்றால் சிலிண்டரை மாற்றவேண்டியதுதான். கதவைத் திறந்து வைத்து, விளிம்பில் சிலிண்டருக்கு நேரே உள்ள ஒற்றை நீளத் திருகைக் கழற்றுங்கள். சாவியைச் செருகிச் சற்றே திருப்பினால், நடுவிலுள்ள நாக்கு உடலோடு ஒன்றி மறையும். அப்போது சிலிண்டர் வெளியே வரும். திருகுத் துளையின் மையத்திலிருந்து இரு பக்கமும் தனித்தனியே அளக்கவேண்டும். இரு பக்கமும் சமமாக இருக்கவேண்டும் என்பதில்லை. புதியது வெளித்தகட்டைத் தாண்டி 3 மி.மீ. க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் திருடன் அதைப் பற்றி ஒடித்துவிடக்கூடும்.

முதியோரும் குழந்தைகளும் இருக்கும் அறைக்கு, உட்புறம் சாவியின்றித் திருகும் குமிழுள்ள சிலிண்டரே வேண்டும். தீயோ வெள்ளமோ வந்தால் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது அல்லவா?

சன்னல்கள்

சன்னலுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் உராய்வுத் தாங்கிகள் என்னும் எஃகுக் கைகள் உண்டு. அவற்றின் தடத்தில் மண் சேர்ந்தால் சன்னல் இறுகும். கைப்பிடியைக் குறை சொல்வோம். பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தாலே பாதிப் பழுது தீரும். கை வளைந்துவிட்டால் நிமிர்த்த முயலாமல் மேலும் கீழும் சேர்த்து இரண்டையும் மாற்றவேண்டும்.

சட்டத்தின் அடியில் மழைநீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். நம் ஊரில் இவற்றிற்குப் பெரும் பகை குளவி! மண் கொண்டுவந்து அடைத்துவிடுகிறது. நீர் உள்ளே தேங்கிப் பொறியைத் துரு தின்னும். ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஈர்க்குச்சியால் இத்துளைகளைக் குத்திவிடுவது ஆண்டுக்கு ஒருமுறை செய்யவேண்டிய கடமையாகும். இரு கண்ணாடிகளுக்கு இடையில் பனி படிந்தால் மட்டும் நம்மால் துடைக்க முடியாது. ஓர ஒட்டு விட்டுப்போய், உள்ளிருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்துவிட்டன என்று பொருள். அப்போதும் கண்ணாடித் தொகுதியை மாற்றினால் போதும். சட்டத்தையும் பூட்டையும் மாற்றவேண்டியதில்லை.

சன்னல் கொக்கி சிறு விஷயமன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலை டெல்டாவில் மறந்தவர் யார்? மணிக்கு 120 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் சன்னலைத் தாக்கினால், அதன்மீது விழும் அழுத்தம் சுமார் 68 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்குபவை விரல் கனமுள்ள சில கொக்கிகளே. ஐந்தில் இரண்டுதான் விழுகின்றன என்று தெரிந்தும் சும்மா இருப்பது அறிவுடைமையாகாது.

முடிவுரை

கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு தம் தொழிலுக்கு இனி வேலையில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அப்பாயியை மீட்டது புதிய கருவியொன்றுமன்று. நாற்பது ஆண்டுகளாக அவர் மரக் கதவுகளுக்கு வைத்துவந்த அதே ஆப்புதான். பொருள் மாறினாலும் எடையும் நெம்பும் வெப்பமும் மாறுவதில்லை. வகுப்பில் நான் கணக்காகப் படித்ததை அவர் கையால் அறிந்திருக்கிறார். இப்போது அக்கம்பக்கத்தில் இத்தகைய கதவு இறுகினால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். விடுமுறை நாட்களில் அளவு நாடாவும் அலென் சாவியும் எடுத்துக்கொண்டு நானும் உடன் செல்கிறேன்.

கதவைச் சரிசெய்த பிறகும் அப்பாயி ஒரு மாதம் அதை மூடவே இல்லை. பூட்டைப் பழுது பார்த்துவிடலாம்; ஒருமுறை அஞ்சிய உள்ளத்திற்கு உடனே மருந்து கிடையாது. அப்பா பொறுமையாக ஒரு வழி செய்தார். ஒவ்வொரு ஞாயிறும் போய், அப்பாயியோடு தாமும் அந்த அறைக்குள் அமர்ந்து, அவரையே தாழிடவும் திறக்கவும் சொன்னார். எந்தக் குமிழைத் திருகவேண்டும், இறுகினால் எப்படிக் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். மார்கழிக் குளிரில் ஒரு நாள், "வாடைக் காத்து உள்ளே வருது பாரு" என்று சொல்லிக்கொண்டே அப்பாயி தாமே எழுந்து கதவை மூடித் தாழிட்டார்.

தோழர்களே! ஒரு பொருள் இயங்காவிட்டால் உடனே தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்கும் பழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. எறியுமுன் ஒரு கணம் நின்று, பழுது எங்கே என்று பாருங்கள். பூட்டைப் பழிக்குமுன் கதவைப் பாருங்கள். கதவைப் பழிக்குமுன் அது நிற்கும் நிலையைப் பாருங்கள். அதற்கு வேண்டியவை ஓர் ஆப்பும், ஒரு பென்சிலும், சிறிது பொறுமையுமே.